முகத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரியது?

சூரியன் ஒரு சின்ன விளக்கு. அதன் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர் என்பது உண்மைதான். ஆனால் அது நம்மிடமிருந்து 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இங்கே நிற்கும் ஒருவரின் முகத்திலிருந்து அளந்தால், வானத்தில் அது பிடிக்கும் இடம் அரை டிகிரிதான். முழுநிலாவும் அதே அளவு. பௌர்ணமி இரவில் கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் நிலா முழுதும் மறைந்துவிடும். உச்சி வெயிலில் எடுத்த முகப்படம் கடுமையாக இருந்தால் வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று சொல்வது வழக்கம். வெளிச்சத்தின் அளவைக் கேமரா சரிசெய்துகொள்ளும். கேமராவால் சரிசெய்ய முடியாதது, விளக்கு இவ்வளவு சிறியதாக இருப்பதுதான்.

நிழலின் விளிம்பைக் கொண்டு இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு பொருள் ஒளியை மறைக்கும்போது, விளக்கு முழுதும் மறைந்துபோகிற இடம் ஒன்றும், விளக்கு முழுதும் தெரிகிற இடம் ஒன்றும் உண்டாகின்றன. இரண்டுக்கும் நடுவே, விளக்கின் ஒரு பகுதி மட்டும் தெரிகிற பட்டை ஒன்று இருக்கும். கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படித்தோமே, அந்தப் புறநிழல்தான் இந்தப் பட்டை. பொருளுக்கும் நிழல் விழும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை விளக்கின் அகலத்தால் பெருக்கி, விளக்கு இருக்கும் தூரத்தால் வகுத்தால் பட்டையின் அகலம் கிடைக்கும். மூக்கு நுனிக்கும் கன்னத்துக்கும் இடைவெளி 2 செ.மீ. என்று கொள்வோம். வெயிலில் நின்றால் பட்டையின் அகலம் 0.2 மில்லிமீட்டரை எட்டாது. கத்தியால் கீறியதுபோல நிழல் முடிந்துவிடும். 6 செ.மீ. குறுக்களவுள்ள சாதாரண பல்பை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 1.2 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் அகலமான ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பட்டை முழுதாக 2 செ.மீ. வரும். மூக்கின் நிழல் எவ்வளவு பெரிதோ, ஏறக்குறைய அவ்வளவு அகலம் அதன் விளிம்புக்கும் வந்துவிடுகிறது. நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

அம்மைத் தழும்புக்கும், கண்ணோரச் சுருக்கத்துக்கும், தோலின் நுண்துளைக்கும் இதே கணக்குதான். அவற்றின் ஆழம் மிகக் குறைவு. சிறிய விளக்கின் முன் அவை ஒவ்வொன்றும் தனித்தனியே கூர்மையான ஒரு நிழலை உண்டாக்கும். பெரிய விளக்கின் முன் அந்த நிழல்கள் கரைந்துவிடும். முகப்பூச்சும் மென்பொருளும் செய்வதாகச் சொல்லும் வேலையில் பெரும்பங்கை ஒரு ஜன்னல் செலவின்றிச் செய்துவிடுகிறது. அதுவும் முகத்தில் எதையும் அழிக்காமல்.

ஆகவே ஒளியமைப்பில் முதல் கேள்வி, விளக்கு எத்தனை வாட் என்பதல்ல. படம் எடுக்கப்படுபவரின் முகத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரியதாகத் தெரிகிறது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான். கேமராவின் விலை இந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை. பல்லாயிரம் ரூபாய் லென்ஸை மாட்டிக்கொண்டு ஃபிளாஷை நேராக முகத்தில் அடிப்பவரைவிட, பழைய கைபேசியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர் நல்ல படம் எடுப்பார்.

இருட்டிய பிறகு ஜன்னலுக்கு என்ன செய்வது? வெள்ளை வேட்டி ஒன்று போதும். கதவு நிலையிலோ கொடியிலோ அதை மடிப்பில்லாமல் தொங்கவிட்டு, பின்னால் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளிப் பல்பை வையுங்கள். துணி முழுதும் ஒளி பரவிவிட்டால், முகத்தைப் பொறுத்தவரை இனி விளக்கு அந்தப் பல்பு அல்ல, வேட்டிதான். பல்பைத் துணியோடு ஒட்டி வைத்தால் தட்டளவு வட்டம் மட்டும்தான் ஒளிரும். பிறகு துணி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. எல்.இ.டி. பல்பானால் அச்சம் குறைவு. பழைய குண்டு பல்பும் ஹாலஜனும் நன்றாகச் சூடேறும். துணியையும் பட்டர் பேப்பரையும் அவற்றின் அருகே கொண்டுபோகக் கூடாது.

துணி வழியே வரும்போது ஒளியில் பாதிக்கு மேல் போய்விடலாம். இந்த இழப்பு படத்தில் புள்ளி புள்ளியான கரகரப்பாகத் தெரியும். ஒளி ஃபோட்டான்களாக வந்து சேர்வதே அதற்குக் காரணம். தூறலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிண்ணங்களை ஒரு நொடி வைத்தால் ஒன்றில் நான்கு துளியும் மற்றொன்றில் ஏழும் விழலாம்; ஒரு மணி நேரம் வைத்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நிறையும். கேமராவின் ஒளியுணரியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அப்படி ஒரு கிண்ணம். ஒளியை நான்கு மடங்காக்கினால் படத்தின் தெளிவு கரகரப்பை ஒப்பிட இரண்டு மடங்காகும். கைபேசியின் ஒளியுணரி மிகச் சிறியது என்பதால் அதற்கு இந்தக் கூடுதல் ஒளி இன்னும் அவசியம். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று 800 முதல் 900 லூமென் தரும். இரண்டு மூன்று பல்புகளை ஒரே பலகையில் ஹோல்டர் வைத்து மாட்டிக்கொண்டால் எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் ஆகும். கைபேசியை எதன்மீதாவது சாய்த்து வைத்து டைமரில் எடுத்தால் ஷட்டர் சற்று மெதுவாக விழுந்தாலும் கெடுதலில்லை.

துணி வழியே அனுப்புவது ஒரு வழி. துணியில் மோதித் திரும்ப வைப்பது இன்னொரு வழி. இதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. நம் ஊர்ப் புகைப்படக்காரர்கள் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படம் 1956-இல் வெளிவந்தது. கதையில் காசியின் பழைய வீடு ஒன்று வருகிறது. நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். அந்த முற்றத்தைத் திறந்தவெளியில் அமைப்பதாகத்தான் முதலில் திட்டம். மழைக்காலத்துக்கு அஞ்சி, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தாவில் ஸ்டுடியோவுக்குள் கட்டவேண்டி வந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா அதற்கு உடன்படவில்லை. முற்றத்தின் ஒளி வானத்திலிருந்து நாலா பக்கமும் பரவி இறங்குவது. அதற்குத் திசையும் இல்லை, கூர்மையான நிழலும் இல்லை. ஸ்டுடியோ விளக்குகளோ ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சூரியன். நான்கு விளக்கு வைத்தால் நான்கு நிழல். இது நடவாது என்று அவர் வாதாடியும் பயனில்லாமல் போகவே, வேறு வழி தேடினார். அரங்கத்துக்கு மேலே சட்டமிட்டு வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் பக்கம் திருப்பாமல் கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறி இறங்கிய ஒளி, முற்றத்துக்கு மேலே தெரியும் வானத்துண்டாக மாறிவிட்டது. படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது காசி வீடாகவே தெரிகிறது.

மித்ராவுக்கு அப்போது வயது 26-ஐ ஒட்டி. ஓராண்டு முன்னர் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன் அவர் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. ஸ்வீடனின் ஸ்வென் நிக்விஸ்ட் போன்ற ஒளிப்பதிவு மேதைகள் இத்தகைய ஒளிக்குப் பேர்பெற்றது இதற்குப் பிறகுதான். விலையுயர்ந்த கருவி எதுவும் இதில் கிடையாது. முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று ஒருவர் பொறுமையாகக் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான். தஞ்சையிலோ செட்டிநாட்டிலோ முற்றம் வைத்த வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், காலை 10 மணிக்கு அதன் ஓரத் தாழ்வாரத்தில் பாட்டியை உட்கார வைத்துப் பாருங்கள். மித்ரா செய்துகாட்ட முயன்றது என்ன என்பது அந்த நொடியே விளங்கிவிடும்.

வீட்டில் இதைச் செய்ய, விளக்கை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பினாலே போதும், சுவர் விளக்காகிவிடும். சுவருக்கு இளம்பச்சை அடித்திருந்தால் முகத்திலும் பச்சை ஏறும். அங்கே தெர்மாகோல் அட்டை கைகொடுக்கும். இதன் வெண்மை ஒரு வியப்பு. தெர்மாகோலில் வெள்ளைச் சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. அதன் மூலப்பொருளான பாலிஸ்டைரீன் கண்ணாடிபோலத் தெளிவானது. அட்டையின் பெரும்பகுதி காற்றுதான். கணக்கற்ற காற்றறைகளின் சுவர் ஒவ்வொன்றிலும் ஒளி கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் திரும்புகிறது. எல்லா நிறத்தையும் ஒரேபோலச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. மேகமும் பால் நுரையும் இதே காரணத்தால்தான் வெள்ளை. அலுமினியத் தாள் இப்படியல்ல. அது கண்ணாடி மாதிரி விளக்கின் உருவத்தையே திருப்பி அனுப்பும். அதாவது விளக்கு மறுபடியும் சிறியதாகிவிடும். அதை நன்றாகக் கசக்கி விரித்து அட்டையில் ஒட்டினால் ஓரளவு பயன்படும். என் தேர்வு எப்போதும் தெர்மாகோல்தான். ஜன்னல் ஒரு பக்கம், மறுபக்கம் முகத்துக்கு எட்டும் தூரத்தில் ஓர் அட்டை. இருண்ட கன்னத்தில் நிழல் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு அட்டையை நகர்த்திக்கொள்ளலாம்.

சில அறைகளில் எதிர்மாறான சிக்கல் வரும். சின்ன அறை, நாலு சுவரும் வெள்ளை, தரையும் வெள்ளை டைல்ஸ். ஒளி எல்லாப் பக்கமும் மோதித் திரும்பி முகத்தைத் தட்டையாக்கிவிடும். அங்கே ஜன்னலுக்கு எதிர்ப்புறம் கறுப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் கன்னத்தின் வளைவு மீண்டும் தெரியும். ஒளியை எடுத்துவிடுவதும் ஒளியமைப்புதான்.

அடுத்தது தூரம். சிறிய விளக்கின் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கால் பங்குதான். பள்ளியில் படித்துத் தேர்வெழுதி மறந்த இந்த விதி, முகப்படத்தில் இரண்டு வேலை செய்கிறது. விளக்கு பக்கவாட்டில், அருகிலுள்ள கன்னத்துக்கு 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, அடுத்த கன்னம் இன்னும் 15 செ.மீ. தள்ளி. அந்தக் கன்னம் இருக்கும் தூரத்துக்குப் போய்ச் சேரும் ஒளி 59 விழுக்காடாகக் குறைந்துவிடும். விளக்கை 2 மீட்டர் தள்ளிவைத்தால் 87 விழுக்காடு. ஆழமான, நாடகத்தன்மை உள்ள முகம் வேண்டுமானால் அருகே; சமமான ஒளி வேண்டுமானால் தள்ளி.

இரண்டாவது வேலை இன்னும் பயனுள்ளது. நம் வீடுகளில் பின்னணி பெரிய தொல்லை. காலண்டர், மின்மீட்டர், துணி தொங்கும் கொடி, தண்ணீர் கேன். விளக்கு முகத்துக்கு ஒரு மீட்டர், சுவர் முகத்துக்குப் பின்னால் 2 மீட்டர் என்றால் சுவருக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு. காலண்டர் இருளில் அமிழ்ந்துவிடும். அதே விளக்கை 4 மீட்டர் தள்ளி வைத்தால் சுவருக்கு 44 விழுக்காடு போய்ச் சேரும். காலண்டரின் தேதியைக்கூடப் படிக்கலாம். பெரிய துணியை மிக அருகில் வைத்திருக்கும்போது இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, குறைவது சற்று மெதுவாக நடக்கும். ஆனாலும் போக்கு அதுதான். நபரைச் சுவரிலிருந்து முன்னால் இழுங்கள், விளக்கை நபரின் அருகே கொண்டுவாருங்கள். பாஸ்போர்ட் படத்தில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு தெரியும் கறுப்பு நிழலும் இதில் போய்விடும்.

திசையைப் பற்றிப் பேசும்போது மூளையைப் பற்றியும் பேசியாக வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988-இல் ‘நேச்சர்’ இதழில் ஒளிநிழலிலிருந்து வடிவத்தைக் கண் எப்படி ஊகிக்கிறது என்று எழுதினார். சாம்பல் நிறத் தாளில் சில வட்டங்கள். சிலவற்றில் மேல்பாதி வெளுப்பு, கீழ்பாதி கறுப்பு, மற்றவற்றில் தலைகீழ். முதல் வகை புடைத்துத் தெரியும், இரண்டாவது வகை குழிந்து தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் புடைப்பும் குழியும் இடம் மாறிவிடும். ஒளி ஒரே விளக்கிலிருந்து, மேலிருந்து வருகிறது என்று மூளை நம்மைக் கேட்காமலே முடிவெடுத்துவிடுகிறது. தாளை விட்டுவிட்டு நம் தலையைத் தலைகீழாக்கினாலும் அதே மாற்றம் நடக்கிறது. மூளைக்கு ‘மேல்’ என்பது வானமல்ல, உச்சந்தலைப் பக்கம்.

பேய்ப்படங்களில் முகத்துக்குக் கீழே விளக்கு வைப்பது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. புருவத்துக்கு மேல் நிழல், மூக்கின் அடியில் வெளிச்சம்: பழகிய முகமே அந்நியமாகிவிடும். அதற்காக விளக்கைச் சரியாக உச்சந்தலைக்கு மேல் கொண்டுபோனால் கண்குழிகள் இருண்டு முகம் களைத்துப்போகும். இன்றைய வீடுகளில் கூரையோடு பதித்த எல்.இ.டி. விளக்குகள் இதைத்தான் செய்கின்றன. அவற்றுக்கு நேர் கீழே நிற்பவரை ஒரு மீட்டர் பின்னால் நகரச் சொன்னால் ஒளி முன்னாலிருந்து சாய்வாக விழும். உட்கார்ந்திருந்தால் மடியில் வெள்ளைச் சார்ட் ஒன்றை விரித்துவிடலாம். படத்தில் அது தெரியாது, கண்ணுக்கு ஒளி ஏறிவிடும்.

பெரும்பாலான முகங்களுக்குப் பொருந்தும் இடம், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் ஏறக்குறைய 45 டிகிரி. அளவுகோல் வேண்டாம், மூக்கின் நிழலைப் பார்த்தால் போதும். அது உதட்டைத் தொட்டால் விளக்கு அதிக உயரத்தில் இருக்கிறது. விளக்கை இன்னும் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போனால் மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு போய்ச் சேரும். அப்பால் உள்ள கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண ஒளித்துண்டு மட்டும் மிஞ்சும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் இந்த ஒளியமைப்பு வழங்குகிறது. பிறகு கண்களைப் பாருங்கள். கருவிழியின் முன்பக்கம் ஏறக்குறைய 8 மி.மீ. ஆரமுள்ள குவியாடி, எதிரே உள்ள ஜன்னலை அது குட்டியாகக் காட்டும். அந்த வெள்ளைத் துளி இல்லாத கண் படத்தில் செத்துக் கிடக்கும். பத்திரிகையில் பிடித்த முகப்படம் ஒன்றைப் பார்த்தால் அதன் கண்ணைக் கூர்ந்து பாருங்கள். விளக்கு எத்தனை, எந்த வடிவம், எந்தப் பக்கம் என்று எல்லாமே அதில் பதிந்திருக்கும்.

ஜன்னல் என்றதும் ‘வடக்கு ஜன்னல்’ என்ற அறிவுரை வரும். ஐரோப்பிய ஓவியர்களும், அவர்களைப் பின்பற்றிய ஸ்டுடியோக்காரர்களும் வடக்குப் பார்த்த கண்ணாடியை விரும்பினார்கள். அவர்கள் ஊரில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுதும் தெற்கிலேயே இருக்கும் என்பதால் வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் வானத்தின் ஒளி மட்டும்தான் வரும். அந்த விதியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னைக்கு ஏப்ரல் நான்காம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகலில் வடக்கே நிற்கிறது. மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இந்தக் காலம் இன்னும் நீளம். மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் கிழக்கு மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்துதான். ஜூன் மாதக் காலையில் வடக்கு ஜன்னல் வழியே வெயிலே உள்ளே வரும். சூரியன் நண்பகலிலும் வடக்கே நிற்கும் மாதங்களில் நம்பத் தகுந்தது தெற்கு ஜன்னல். கார்த்திகை மார்கழியில் வடக்கு ஜன்னல். வெயில் எந்தப் பக்கம் இல்லையோ, அந்தப் பக்கம் போவதுதான் நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழும் நமக்கான விதி.

இதைவிட நல்லது திண்ணை. மேலே கூரை உச்சி வெயிலைத் தடுத்துவிடுகிறது. தெருப்பக்கம் முழுதும் திறந்த வானம், எதிர்வீட்டுச் சுவர். ஒளி படுக்கையாக வந்து கண்குழிக்குள் இறங்குகிறது. முகத்திலிருந்து பார்த்தால் பல மீட்டர் அகலமான விளக்கு. தரை சிவப்பு ஆக்சைடாக இருந்தால் தாடைக்கடியில் செம்மை ஏறும். ஒரு வெள்ளைத் துணியை முன்னால் விரித்தால் தீர்ந்தது. வேப்பமரத்தடியில் எடுத்தால் பச்சை ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

இப்படி வீட்டில் கிடைத்த இடத்தின் ஒளியை வைத்தே முகப்படம் எடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார். கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். 48 வயதில் மகள் பரிசாகத் தந்த கேமராவோடு தொடங்கி, இங்கிலாந்தின் வைட் தீவில் தன் வீட்டுக் கண்ணாடிக் கோழிக்கூண்டைக் காலி செய்து ஸ்டுடியோவாக்கிக்கொண்டார். நிலக்கரிக் கிடங்கு இருட்டறையாயிற்று. வானியலாளர் ஜான் ஹெர்ஷலை 1867-இல் அவர் எடுத்த படம் இன்றும் உலகின் மிகச் சிறந்த முகப்படங்களில் ஒன்று. இருண்ட பின்னணி, ஒரு பக்கத்து ஒளி, நரைமுடி, கண்கள். கேமரன் 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். களுத்துறையிலும் தோட்டப் பகுதியிலும் அங்கே வாழ்ந்த எளிய மக்களைப் படம் எடுத்தார்; அவர்களில் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஹெர்ஷலுக்குப் பெயர் இருக்கிறது, அந்தத் தொழிலாளர்களில் பலருக்குப் படத்தின் கீழ் பெயர் இல்லை. ஆனாலும் முகங்கள் மிஞ்சியிருக்கின்றன.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல எல்.இ.டி.; அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். மலிவான பல்புகளில் சிவப்பு குறைவாகவே இருக்கும். தோலின் உயிர்ப்பு அதன் அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பில் இருக்கிறது என்பதால், அந்த ஒளியில் முகம் நோயாளி முகமாகும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ.; பெட்டியில் அது 90 அல்லது அதற்கு மேல் என்று போட்ட பல்பை வாங்குங்கள். கடையிலேயே எரியவிட்டு உள்ளங்கையை அதனடியில் நீட்டிப் பாருங்கள். ஜன்னல் ஒளியும் மஞ்சள் பல்பும் கலந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சளாகும். ஒன்றை அணைத்துவிட வேண்டும். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால், நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மீள்கிறது என்று பொருள். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் பட்டை மறையும்.

தோலுக்கு இன்னும் விரிவாக இடம் கொடுக்க வேண்டும். முகத்தில் படும் ஒளி இரண்டு வழியில் திரும்புகிறது. 3 முதல் 4 விழுக்காடு தோலின் மேற்பரப்பிலேயே, கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிவிடும். இது விளக்கின் நிறத்தோடு வருவது. எல்லாத் தோலுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. மீதி உள்ளே போய், மெலனினையும் ரத்தத்தையும் கடந்து சிதறி, தோலின் நிறத்தை ஏந்திக்கொண்டு வெளியே வரும். மெலனின் அதிகமானால் இந்த இரண்டாவது பங்கு குறையும். ஆகவே கறுத்த முகத்தில் மேற்பரப்பின் பளபளப்புக்குப் பங்கு அதிகம். கன்ன எலும்பையும் தாடையையும் வடித்துக் காட்டுவது அந்தப் பளபளப்பே. சின்ன ஃபிளாஷ் அடித்தால் அது நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டாகச் சிதைந்து, மற்ற இடமெல்லாம் இருளாகிவிடும். பெரிய துணியைப் பக்கவாட்டில் வைத்தால் அதே பளபளப்பு கன்னத்தின் வழியே மெல்லிய ஒளித்தடமாக நீண்டு இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த முகத்துக்கும் இதுதான் மருந்து.

கறுத்த முகம் படத்தில் நன்றாக வராது என்று சொல்வது பொய். கேமராவையும் ஃபிலிமையும் வேறு முகத்துக்காகச் சரிசெய்தார்கள் என்பதுதான் உண்மை. கோடாக் நிறுவனம் வண்ணப்படக் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கூடங்கள் எடுத்துக்கொண்டன. கருமரச் சாமான்களும் சாக்லேட்டும் படத்தில் நிறம் பிரிந்து தெரியவில்லை என்று விளம்பரதாரர்கள் முறையிட்டதும் ஃபிலிமைத் திருத்தியதற்கு ஒரு காரணம் என்பதைப் படிக்கும்போது மனம் வலிக்கிறது. மனிதர்கள் அதற்கு முன்பே அந்த ஃபிலிமில் இருட்டாக விழுந்துகொண்டிருந்தார்கள்.

இன்றைய ஒளியளவியும் தானாக நியாயம் செய்யாது. எதிரே உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தின் அளவுக்கு ஒளியைத் திருப்புகிறது என்ற அடிப்படையில்தான் ஒளியளவிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சுவரும் இருந்தால் அது படத்தை இருட்டாக்கும், முகம் காணாமல் போகும். கறுத்த முகமே படம் முழுதும் நிறைந்திருந்தால் வெளிறச் செய்துவிடும். கைபேசித் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை நகர்த்தி, எதிரே இருப்பவரை நேராகப் பார்த்துப் பொருத்துங்கள். வெளுக்க வைக்கும் ‘பியூட்டி’ வசதியை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். ஒருவரைப் படம் எடுத்து அவருடைய நிறத்தை மாற்றித் தருவது, அவரைப் படம் எடுக்காமல் விடுவதைவிடக் கெட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

கல்யாண மண்டபங்களில் இது அன்றாடம் நடக்கிறது. மாப்பிள்ளை கறுப்பு, பெண் மாநிறம், அல்லது நேர் எதிர்மாறு. பெண்ணுக்குச் சரியாக ஒளி வைத்தால் மாப்பிள்ளை இருட்டு. மாப்பிள்ளைக்கு வைத்தால் பெண் வெளிறிப்போகிறார். பிறகு மென்பொருளில் இருவரையும் ஒரே நிறமாக்கி ஆல்பம் போடுகிறார்கள். மேலே பார்த்த வர்க்க விதி இங்கே கைகொடுக்கும். கறுத்தவரை விளக்குப் பக்கமும் மற்றவரை அப்பாலும் நிறுத்துங்கள். விளக்கு ஒருவருக்கு 1 மீட்டரிலும் மற்றவருக்கு 1.4 மீட்டரிலும் இருந்தால் முதல்வருக்கு இரு மடங்கு ஒளி கிடைக்கும். கேமரா மொழியில் ஒரு ஸ்டாப். இடைவெளி அவ்வளவு வேண்டாமென்றால் விளக்கைச் சற்றுத் தள்ளி, அதன் நடு ஒளியைக் கறுத்தவர் பக்கம் திருப்பிவிடுங்கள். இருவர் முகத்திலும் அவரவர் நிறம் அப்படியே நிற்கும், இருவர் கண்ணிலும் வெள்ளைத் துளி இருக்கும்.